ட்ஸ்வாலு கலஹாரி: பகல் மூன்று மணிக்கு வெளியே வந்த நிலப்பன்றி

செம்மணல்

ஜூலைக் கடைசியில் நானும் மனைவியும் ட்ஸ்வாலு போய் வந்தோம். தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், கலஹாரியின் தென்பகுதியில் இருக்கும் தனியார் வனம். பரப்பு 1,10,000 ஹெக்டேருக்கு மேல். செலவு எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். அங்கே நிலப்பன்றி (ஆங்கிலத்தில் ஆர்ட்வார்க்) தோண்டுகிற பள்ளத்தைவிட ஆழமான பள்ளம் என் சேமிப்பில் விழுந்திருக்கிறது.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா என்றதும் பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போனேன். ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே பெட்டியையும் விமானத்தில் தொலைத்துவிட்டார்கள். ஊர் திரும்புகிற அன்றுதான் அது வந்து சேர்ந்தது. காலை ஆறரை மணிக்குத் திறந்த வண்டியில் ஏறினால் மைனஸ் 2 டிகிரி. மடியில் வெந்நீர்ப் பை, தலையோடு கம்பளி, கண் மட்டும் வெளியே. பதினோரு மணிக்கு அதே வண்டியில் கம்பளியை உதறிவிட்டு, வெயில் உறைக்கிறது என்று தொப்பி தேடினோம்.

காலையில் கீரி வகையைச் சேர்ந்த மீர்கேட் குடும்பம் ஒன்றைப் பார்த்தோம். வளையிலிருந்து ஒவ்வொன்றாக வந்து பின்னங்காலில் நிமிர்ந்து, வயிற்றைச் சூரியனுக்குக் காட்டி வரிசையாக நின்றன. வயிற்றில் முடி குறைவு, தோல் கறுப்பு, அதனால் சீக்கிரம் சூடேறுமாம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜெம்ஸ்பக் மான்கள், கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று, கறுத்த பிடரியோடு சிங்கம் எல்லாம் கிடைத்தன. ஆனால் நான் எழுத வந்தது மூன்றாம் நாள் பிற்பகலைப் பற்றி. மணி 3.10, படத்தில் பதிந்திருக்கிறது. வண்டியின் முன்முனையில் உட்கார்ந்திருந்த தடம் பார்ப்பவர் கையை உயர்த்தினார். வண்டி நின்றது. முதலில் மணல்தான் தெரிந்தது, யாரோ மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் பின்னால் வீசுவதுபோல. அப்புறம் கழுதைக் காது. அப்புறம் குழாய் மாதிரி மூக்கு. தோண்டும், மூக்கை உள்ளே விட்டு இரண்டு விநாடி நிற்கும், நாலடி நகரும், மறுபடி தோண்டும். எங்களை அது பொருட்படுத்தவே இல்லை. பத்தடி தூரத்தில் கடந்து போனது. நகம் மண்ணைக் கீறுகிற சத்தம்கூடக் கேட்டது.

இரவில் மட்டுமே நடமாடும் பிராணி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் கிடைக்காத காட்சி என்று வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

இங்கே யாருக்காவது இப்படிக் கிடைத்திருக்கிறதா? இதற்குத் தமிழில் சரியான பேர் என்ன? நிலப்பன்றி என்பது நானாக வைத்தது.

ஜோபர்க் சேகர்

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள் சார். பதினாலு வருஷமாக ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். ஏழெட்டு மணி நேரம் காரோட்டி இரண்டு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் அது தோண்டிப் போட்ட குழிகள்தான். ஒரு குழியில் என் கணுக்கால் பிசகியது தனிக் கதை.

நீங்கள் வைத்த பேர் சரியாகவே இருக்கிறது. ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். ஆர்ட் என்றால் மண், வார்க் என்றால் பன்றி. ஆனால் பன்றிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. யானை வழியில் வருகிற தூரத்துச் சொந்தம் என்கிறார்கள். அதன் வரிசையில் இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரே இனம்தான்.

ட்ஸ்வாலு என்றால் ட்ஸ்வானா மொழியில் புதிய தொடக்கம் என்று பொருள். 1990-கள் வரைக்கும் அந்த இடம் முழுக்க மாட்டுப் பண்ணைகள். ஸ்டீஃபன் போலர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் பண்ணை பண்ணையாக வாங்கிச் சேர்த்தார். 1998-இல் அவர் இறந்த பிறகு வைரத் தொழிலுக்குப் பேர்போன ஓப்பன்ஹைமர் குடும்பம் வாங்கியது. பழைய மாட்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்து, காட்டு விலங்குகளைக் கொண்டுவந்து விட்டு, முப்பது வருஷத்துக்குள் இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அந்தப் பகுதியில் மலேரியா கிடையாது. மாத்திரை தேவையில்லை.

நெல்லிக்காய்

செம்மணல், மகிழ்ச்சியைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்தை இங்கே ஏற்ற முடியுமா? பக்கவாட்டில் எடுத்தது இருந்தால் நல்லது. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கொண்டு தெரிகிறதா, வால் தொடங்கும் இடம் பருத்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செம்மணல்

ஏற்றிவிட்டேன், மூன்று படங்கள். இரண்டாவது பக்கவாட்டில் எடுத்தது. இடுப்புப் பக்கம் கூடாரக் கம்பு மாதிரி ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் உடல்வாகே அப்படித்தான் என்று நினைத்தேன். ஏன் கேட்கிறீர்கள்? வயிற்றைக் கலக்குகிறது.

நெல்லிக்காய்

பார்த்தேன். இளைத்துத்தான் இருக்கிறது. ஒரு படத்தை வைத்து நோய் சொல்லக் கூடாது என்று என் மாணவர்களுக்கு நானே சொல்வதுண்டு, அதனால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் போன அதே ட்ஸ்வாலுவில்தான் இந்த ஆய்வு நடந்தது. ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகக் குழு, வளர்ந்த ஆறு நிலப்பன்றிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, உடலுக்குள் சிறிய பதிவுக் கருவிகளை வைத்துத் தைத்துவிட்டது. உடல் வெப்பமும் நடமாட்டமும் இராப்பகலாகப் பதிவாகும். அந்த 2012-13 கோடையில் மழை பொய்த்தது, வெயிலும் கடுமை. ஆறில் ஐந்து செத்துப்போயின. ஆய்வில் சேராத இன்னும் 11 நிலப்பன்றிகளும் அதே வனத்தில் செத்தன. 2017-இல் இது கட்டுரையாக வந்தது.

வெயில் தாங்காமல் செத்தன என்றுதான் யாரும் நினைப்போம். கருவிகளில் இருந்த பதிவு வேறு மாதிரி. நல்ல நிலையில் இருக்கும்போது அதன் உடல் வெப்பம் 35.4 முதல் 37.2 டிகிரிக்குள் நிற்கிறது. கோடை போகப் போக ஒவ்வொரு நாளும் வெப்பம் இறங்கும் அளவு அதிகமாகி, சாவதற்கு முன் 25 டிகிரி வரை போயிருக்கிறது. வெளியே கொளுத்துகிற ஒரு ஊரில் உடம்பு குளிர்ந்து செத்திருக்கிறது. பட்டினிதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அடுப்பில் விறகு இல்லை.

இன்னொன்றும் பதிவானது. இரவுப் பிராணி பகலுக்கு மாறியது. தீனி குறைந்தால் இரவின் குளிரில் உடலைச் சூடாக வைத்திருக்கக் கட்டுப்படியாகாது. அதனால் வெயில் இருக்கும்போது வெளியே வந்து இரை தேடிவிட்டு, இரவில் வளைக்குள் சுருண்டுகொள்கிறது. பகல் நடமாட்டம் கூடுவது உடலில் சக்தி பற்றாக்குறை என்பதன் அடையாளம் என்று 2020-இல் இதே வனத்தை வைத்து இன்னொரு கட்டுரை வந்தது.

குளிர்காலத்தில் சற்று முன்னதாக, பொழுது சாயும் நேரத்தில் வெளியே வருவது நல்ல வருஷங்களிலும் உண்டு. மூன்று மணிக்கு, எலும்பு தெரிய, வண்டியைக்கூடக் கவனிக்காமல் தோண்டிக்கொண்டிருந்தது என்றால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

ஒரு மனிதர் கடன் வாங்காத குறையாகப் போய் ஒரு பிராணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதையும் இழவு வீடாக்கியாயிற்று. மைனஸ் 2 டிகிரியில் யார்தான் வெயில் காய மாட்டார்கள்? நானும்தான் மார்கழியில் பத்து மணிக்கு முன் எழுந்திருப்பதில்லை.

பட்டினி என்றே வைத்துக்கொள்வோம். உலகத்தின் பெரிய வைரப் பணக்காரர்களின் இடம் அது. இரண்டு லாரி தீவனம் இறக்க வக்கில்லையா? தண்ணீர்த் தொட்டி கட்டினால் தீர்ந்தது. எதற்கெடுத்தாலும் காலநிலை, காலநிலை.

நெல்லிக்காய்

தண்ணீர் அதற்குப் பிரச்சினையே இல்லை சார். நிலப்பன்றி தண்ணீர் குடிப்பது அபூர்வம், தின்னும் கறையானிலும் எறும்பிலும் இருக்கிற ஈரமே பெரும்பாலும் போதும். தீவனம் என்று எதை இறக்குவீர்கள்? ஒரே இரவில் பல்லாயிரம் கறையானைத் தின்கிற பிராணி அது. லாரியில் கறையான் வராது.

நடந்திருப்பது இப்படித்தான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு: மழை இல்லை, புல் முளைக்கவில்லை. அங்கே இருக்கும் முக்கியமான கறையான் இனங்கள் நம் வீட்டு நிலைப்படியை அரிக்கிற வகை இல்லை. காய்ந்த புல்லை வெட்டி இழுத்துப் போய் மண்ணுக்குள் சேமிக்கிறவை. புல் போனால் அவை போயின. அவை போனால் நிலப்பன்றி போயிற்று. மானுக்கு லூசர்ன் தீவனப்புல் கட்டு போடலாம். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு எதையும் கையில் கொடுக்க முடியாது.

இது ஒரு பிராணியின் துக்கம் மட்டும் இல்லை. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை நாம் திட்டுகிற தொனியில் சொல்வோம். கலஹாரியில் அந்தக் குடியேற்றத்தால்தான் பாதிக் காடு பிழைக்கிறது. நிலப்பன்றி ஒரு வளையில் நிரந்தரமாகத் தங்காது. தோண்டும், சில நாள் இருக்கும், விட்டுவிட்டுப் போகும். காலி வீட்டுக்கு முள்ளம்பன்றி வரும், அலங்கு வரும், நரி வரும், பாம்பு வரும். வார்ட்ஹாக் என்ற கொம்பன் பன்றி பின்பக்கமாக நுழைந்து, தந்தத்தை வாசலில் காட்டிக்கொண்டு உட்காரும். கறையானும் எறும்பும் தின்கிற ஒரு சின்னக் கறுப்புக் குருவி, வளையின் உட்கூரையில் துளை போட்டு முட்டையிடும். முதுகெலும்புள்ள உயிரினங்களில் மட்டும் 27 வகை இந்த வளைகளைப் பயன்படுத்துவதாக ஓர் ஆய்வில் எண்ணியிருக்கிறார்கள். வெளியே மண்ணில் கால் வைக்க முடியாத கோடைப் பகலிலும், பூச்சியத்துக்குக் கீழே போகிற குளிர்கால இரவிலும், உள்ளே ஓரளவு ஒரே வெப்பம்தான். தோண்டுகிற ஆளே இல்லை என்றால் இத்தனை பேருக்கும் வீடு கிடையாது.

மழைக்குருவி

அக்கா, நான் ஜனவரி கடைசியில் அங்கே போகிறேன். முதுகலைப் படிப்பின் பகுதியாகப் பயிற்சி, ட்ஸ்வாலுவுக்கு வடக்கே வேறொரு வனத்தில், ஆனால் இரண்டு நாள் ட்ஸ்வாலுவும் உண்டு. கோடை எப்படி இருக்கும்? எல்லாரும் ஜூலை, ஆகஸ்ட்தான் பார்க்க நல்ல மாதம் என்கிறார்கள். தவறான நேரத்தில் போகிறேனோ?

ஜோபர்க் சேகர்

தங்கச்சி, யார் சொன்னது? கலஹாரியைக் கலஹாரியாகப் பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலம்தான். நான் ஒரு முறை பிப்ரவரியில் போனேன். காலையில் ஆறு மணிக்கே கிளம்பி, ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் 35, பிற்பகலில் 40. மண் சூடு செருப்பைத் தாண்டி ஏறும்.

வருஷ மழை மொத்தமே சராசரியாக 250-லிருந்து 350 மில்லிமீட்டருக்குள். அதுவும் சராசரி என்பது அங்கே ஒரு கேலிச் சொல். பெரும்பகுதி ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் இடி மழையாகக் கொட்டும். நான் நின்ற இடத்தில் சொட்டு விழவில்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளித் திரை தொங்கவிட்டாற்போல் பெய்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் வாசம் மட்டும் எங்களுக்கு வந்தது. மறுநாள் அந்தப் பக்கம் போனால் ஈசல் பறந்து தீர்ந்து, வண்டித் தடமெல்லாம் இறகு. கண்ணுக்குத் தெரிந்த பறவையெல்லாம் தரையில் இறங்கித் தின்றுகொண்டிருந்தன.

ஒட்டக முள் மரங்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து வைக்கோல் போரைத் தூக்கி மரத்தில் மாட்டியதுபோல் தெரிவது, நூற்றுக்கணக்கான குருவிகள் சேர்ந்து கட்டிய ஒரே கூடு. நம் தூக்கணாங்குருவிக்குத் தூரத்து உறவு, ஆனால் அடுக்குமாடியில் வாழ்கிற உறவு. பாரம் தாங்காமல் கிளை முறிந்து விழுந்த கூடும் உண்டு. அதில் சில அறைகளில் குட்டி வல்லூறு குடியிருக்கும், வாடகை கொடுக்காது. கேப் நாகம் ஏறி, அறை அறையாக முட்டையும் குஞ்சும் தின்றுகொண்டே போகும்.

அப்புறம் மேய்ப்பன் மரம். வெள்ளைத் தண்டு, குடை மாதிரி இலை. பகலில் எந்த விலங்கைத் தேடினாலும் அதன் கீழே இருக்கும். மத்திய கலஹாரியில் கிணறு தோண்டும்போது அதன் வேரை 68 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். மரம் வெளியே இருப்பது வேருக்கு ஒரு கொடி ஏற்றியது போலத்தான்.

நெல்லிக்காய்

மழைக்குருவி, வடக்கே என்றால் குருமன் ஆற்றுப் பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் தனியார் வனம்தான். மீர்கேட்களை 1993 முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிற இடம். அங்கே போனால் மஞ்சள் அலகு இருவாச்சியை அவசியம் பாருங்கள். இந்தத் திரிக்கு நேரடித் தொடர்பு உண்டு.

இருவாச்சி கூடு கட்டும் விதம் இங்கே பலருக்குத் தெரியும். பெண் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் வெளியிலிருந்து ஊட்டும். கலஹாரியில் சிக்கல் என்னவென்றால், வெயில் ஏறினால் அந்த ஆண் வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். மூச்சிரைக்கிற அலகால் பூச்சி பிடிக்க முடியாது. உள்ளே இரண்டு மூன்று வயிறு காத்திருக்கும்.

மரப்பெட்டிக் கூடுகளை வைத்து 2008 முதல் 2019 வரை எண்ணினார்கள். முதல் மூன்று வருஷத்தையும் கடைசி மூன்று வருஷத்தையும் ஒப்பிட்டால், குடியேறிய பெட்டிகள் 52 சதவீதத்திலிருந்து 12 ஆகிவிட்டன. ஒரு குஞ்சாவது தேறிய கூடுகள் 58 சதவீதத்திலிருந்து 17. அடைகாத்து வளர்க்கும் நாள்களின் சராசரி உச்ச வெப்பம் 35.7 டிகிரியைத் தாண்டினால் ஒரு கூடும் தேறவில்லை. நல்ல மழை பெய்தபோதுகூட அப்படித்தான்.

இந்த ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாதது. நிலப்பன்றிக்கு மழை வந்தால் புல் வரும், புல் வந்தால் கறையான் வரும் என்று ஒரு நம்பிக்கை வைக்கலாம். இருவாச்சிக்கு அந்த வழியும் அடைபடுகிறது. இனம் முழுக்க அழிந்துவிடும் என்று சொல்லவில்லை, வெயில் குறைந்த பகுதிகளில் இருக்கும். கலஹாரியில் இருக்குமா என்பதுதான்.

கணக்குப்பிள்ளை

சரி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தேடினேன். மார்கழி கிண்டலை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் என் தொழில் புத்தி வேறு இடத்தில் போய் நிற்கிறது. வேலி.

தென்னாப்பிரிக்காவில் 1991-இல் ஒரு சட்டம் வந்தது, விலங்குத் திருட்டுச் சட்டம். உங்கள் நிலத்துக்குப் போதுமான வேலி இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் உள்ளே இருக்கும் காட்டு விலங்கு உங்கள் சொத்து. வேலி தாண்டி ஓடிப்போனாலும் உங்கள் சொத்துதான். ஏலத்தில் விற்கலாம், வாங்கலாம், வங்கியில் மதிப்புக் காட்டலாம். மாட்டைவிட மானில் காசு என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான பண்ணைக்காரர்கள் மாறினார்கள். இன்று அந்த நாட்டில் தனியார் கையில் இருக்கும் காட்டு விலங்கு நிலம் தேசியப் பூங்காக்களின் மொத்தப் பரப்பைப்போலப் பல மடங்கு. நான் கிண்டல் செய்த பணக்காரர்கள் இல்லையென்றால் அங்கே இன்னும் மாடுதான் மேய்ந்துகொண்டிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மழை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெய்கிறது என்று சேகரே சொல்கிறார். அப்படிப்பட்ட ஊரில் பிழைக்கும் வழி, மழை பெய்த இடத்துக்கு நடப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பிரிங்பக் மான்கள் லட்சக்கணக்கில் அப்படித்தான் இடம்பெயர்ந்தன. ஊர்த் தெருவெல்லாம் மான் நிறைந்து ஓடியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்கைச் சொத்தாக்கியதும் வேலி, வேலியானதும் காடு ஒரு தொட்டி. எந்தச் சட்டம் விலங்கைக் காப்பாற்றியதோ அதே சட்டம் அதன் காலைக் கட்டிப்போட்டது.

தேக்கு

வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். அதிகம் எழுதுவதில்லை. கணக்குப்பிள்ளை முதலில் கேட்ட தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் பதில்.

1982-83 வறட்சியில் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய கிளாசெரி என்ற தனியார் வனத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். சுற்றுலாவுக்காக நெருக்கமாகக் குளம் வெட்டியிருந்தார்கள். எங்கே நின்றாலும் பக்கத்தில் தண்ணீர். விளைவு, எந்த மூலையிலும் மேயாத புல் மிச்சமில்லை. வறட்சி வந்தபோது விலங்குகள் தண்ணீர்க் கரையிலேயே பட்டினியால் குவியல் குவியலாகச் செத்தன. குளங்கள் தூரம் தூரமாக இருந்த இடங்களில் அவ்வளவு சாவு இல்லை. நடந்து போக வேண்டிய தூரமே அங்கே புல்லைக் காப்பாற்றியிருந்தது.

க்ரூகரின் வடபகுதியில் இன்னொரு பாடம். ஆழ்துளைக் கிணறுகளால் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட்டும் அங்கே பெருகின, அவற்றின் பின்னால் சிங்கம் வந்தது. எண்ணிக்கையில் எப்போதும் குறைவான ரோன் மான் நடுவில் மாட்டிக்கொண்டது. 1986-இல் சுமார் 450 இருந்தது, 1993-இல் 45 அளவுக்கு இறங்கியது. பிறகு பல கிணறுகளை மூடினார்கள். நானும் என் காலத்தில் தொட்டி கட்டத் திட்டம் எழுதியவன்தான். தொட்டி படத்தில் நன்றாக விழும்.

வேலியைப் பொறுத்தவரை, சாபி சாண்ட் தனியார் வனமும் க்ரூகரும் 1993-இல் நடுவேலியை எடுத்துவிட்டன. பக்கத்து வீடும் காடாக இருந்ததால் முடிந்தது. ட்ஸ்வாலுவைச் சுற்றி இருப்பது பண்ணைகள்.

ஜோபர்க் சேகர்

ட்ஸ்வாலுவுக்கு உள்ளேயே வேலி உண்டு தேக்கு சார். சிங்கங்கள் ஒரு பகுதியில், காட்டுநாய்கள் இன்னொரு பகுதியில். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? தண்ணீர் கூடாது, தீவனம் உதவாது, வேலியை எடுக்க முடியாது. சுற்றுலாவை நிறுத்தினால் காசு வராது, காசு இல்லை என்றால் மறுபடி மாடு. வட்டம் முடிந்தது.

தேக்கு

மேய்கிறவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பது. மழை பொய்க்கும் என்று தெரிந்ததும் மான்களைப் பிடித்து விற்றுவிட வேண்டும், செத்த பிறகு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. தனியாரிடம் அந்த ஒரு வசதி உண்டு, அரசுக் காட்டில் கோப்பு நகர்வதற்குள் மழையே வந்துவிடும். மான் தின்னாத புல் கறையானுக்கு. அவ்வளவுதான் கையில் இருக்கிறது. வானத்துக்கு எவரும் திட்டம் எழுத முடியாது.

மட்டுறுத்துநர்

வைரத் தொழில், நிறவெறிக் காலத்து நில உரிமை பற்றி வந்த எட்டுப் பின்னூட்டங்களை அரசியல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டையைத் தொடரலாம். இங்கே காடு.

செம்மணல்

நான்கு நாளாக எதுவும் எழுதவில்லை. திரியைப் படித்துக்கொண்டும், எடுத்த படங்களை மறுபடி பார்த்துக்கொண்டும் இருந்தேன். மொத்தம் 1,400 படம். விலங்கை விட்டுவிட்டு இந்த முறை பின்னணியைப் பார்த்தேன்.

எல்லாப் படத்திலும் சிவப்பு. நான் பேர் வைத்துக்கொண்டதே அந்த மண்ணைப் பார்த்துத்தான். மாலை வெயிலில் அந்த மண் எரிகிற மாதிரி இருக்கும். ஜெம்ஸ்பக் அதன் மேல் நின்றால் எடுக்கத் தெரியாதவன் எடுத்தாலும் படம் நன்றாக வரும். வரவேற்பறையில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து மாட்டியும் விட்டேன்.

சேகர், நீங்கள் பிப்ரவரியில் எடுத்த படங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினீர்களே, அதே கொரானாபெர்க் குன்றுகள் பின்னால் தெரிகிற படம். அதில் மண்ணே தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளிப் புல். மான்களுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. முதலில் வேறு இடம் என்றே நினைத்தேன்.

நான் மண்ணின் அழகு என்று நினைத்து ரசித்தது புல் இல்லாத இடம். நிலப்பன்றிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதைச் சுற்றி இருபதடிக்கு ஒரு தாள் புல் இல்லை. புல்லின் அடிக்கட்டை மட்டும் அங்கங்கே, சவரம் செய்த தாடை மாதிரி. நாலடிக்கு ஒரு முறை தோண்டி இரண்டு விநாடியில் மூக்கை எடுத்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. உள்ளே ஒன்றும் இருந்திருக்காது.

வரவேற்பறைப் படத்தைக் கழற்றவில்லை. விலை கொடுத்தாயிற்று. ஆனால் வருகிறவர்கள் ஆகா என்று சொல்லும்போது பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறுகிறது.

நெல்லிக்காய்

கழற்ற வேண்டாம். ஒரே ஒரு விலங்கு, ஒரே ஒரு பிற்பகல் என்பதை மறக்காதீர்கள். அது வயதானதாகவோ பல் தேய்ந்ததாகவோ இருக்கலாம். ஜூலையில் புல் குறைவாக இருப்பதும் வழக்கம்தான். கோடை மழை எப்படி என்று பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

மழைக்குருவி

திரியை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். மார்ச் முதல் வாரம் திரும்பினேன். சேகர் அண்ணன் சொன்னதுபோல் வெயில் பிழிந்தெடுத்தது. ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்தே மழை வந்திருக்கிறது. நான் ட்ஸ்வாலுவில் இருந்த இரண்டு நாளில் ஒரு நாள் வண்டி சேற்றில் சிக்கி, கலஹாரியில் சேற்றில் சிக்கியவள் என்ற பேரோடு திரும்பியிருக்கிறேன்.

வடக்கே பெட்டிக் கூடுகளை நானும் போய்ப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்றில் மட்டும் கீறலுக்குப் பின்னால் அலகு தெரிந்தது. ஆண் இருவாச்சி வேலிக் கம்பத்தின் நிழலில், கம்பத்தின் அகலத்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றது. நாற்பது நிமிஷம் பார்த்தேன், ஒரு முறைதான் கூட்டுக்குப் போனது. மற்றதை நெல்லிக்காய் அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

செம்மணல் சார், உங்கள் பிராணியை நான் பார்க்கவில்லை. இரண்டு இரவும் விளக்கு வைத்துச் சுற்றினோம், கிடைக்கவே இல்லை. இரண்டாம் நாள் விடிகாலையில் தடம் பார்ப்பவர் வண்டியிலிருந்து இறங்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஈர மண்ணில் மூன்று நகம் பதிந்த தடம், நடுவே வால் இழுத்துப் போன கோடு. பின்தொடர்ந்தோம். ஓர் இடத்தில் தோண்டியிருந்தது. குழி ஆழமில்லை, ஆனால் அகலம். மூக்கை வைத்து நெடுநேரம் நின்றிருக்கிறது, முன்னங்கால் இரண்டும் நன்றாக அழுந்தியிருந்தன. குழியின் ஓரத்தில் கறையான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, வெட்டிய புல் துண்டுகளோடு. அங்கிருந்து இருநூறு அடி தள்ளிப் புதிய வளை. வாசலில் போட்ட மண் இன்னும் உலரவில்லை.

உள்ளேதான் இருக்கிறது, தூங்குகிறது என்றார். மணி ஆறு இருபது. படம் ஏற்றியிருக்கிறேன். ஒரு ஓட்டை மட்டும்தான் தெரியும், சுற்றிலும் புல்.

செம்மணல்

பெரிய அளவில் அனுப்ப முடியுமா, அச்சடிக்கிற அளவில்?